லைன்ல இருங்க, அத்தை

அத்தையின் முகத்துக்கு நேராக என் தம்பி கதவைச் சாத்தினான் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சாத்தியது அவன் கைதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் திமிரில் சாத்தவில்லை, விதிமுறைப்படி சாத்தினான். அந்த விதிமுறை எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் அவன் மேல் விழுந்த பழி நீங்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. காலை ரயிலில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். சாவகாசமாகப் பேசுகிறவர்களுக்கு ஆர்டினரி, கொஞ்சம் அவசரம் என்றால் அர்ஜென்ட், தலை போகிற காரியத்துக்கு லைட்னிங். லைட்னிங்குக்குக் காசு பல மடங்கு. அது வந்துவிட்டால் மற்றவர்களை எல்லாம் நிற்கவைத்துவிட்டு அதற்குத்தான் முதல் இணைப்பு. பேச்சு மூன்று நிமிடத்தைத் தொட்டதும் ஆபரேட்டர் நடுவில் புகுந்து, நீட்டிக்கவா, வெட்டவா என்று கேட்பார். ஊரில் பெரிய பெரிய மனிதர்களின் பேச்சையெல்லாம் என் அம்மா பாதியில் வெட்டுகிறாள் என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வகுப்பில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை, 'ஆபரேட்டர் பொண்ணு'தான்.

இத்தனை பெருமைக்கும் விலையாக எங்கள் வீடு எப்போதும் சந்தை கலைந்த இடம் போலக் கிடந்தது. வீடு முன்னறை, நடு அறை, சமையலறை என்று ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டி கணக்காக இருக்கும். முன்னறை நாற்காலியில் துவைத்த துணி, நடு அறைக் கட்டிலில் துவைக்க வேண்டிய துணி, இரண்டுக்கும் நடுவில் எது எந்த ஜாதி என்று தெரியாத துணி. அப்பா பார்சல் கட்டிய சணல் கயிறுகளை வீணாக்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் சேர்ப்பார். தம்பியின் பம்பரம் அரிசிப் பானையில் இருக்கும். அம்மா டியூட்டி முடிந்து வரும்போது தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். அதற்குமேல் துடைப்பத்தைத் தொட்டால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பார்கள். அம்மாவுக்கு அந்த நேரம்தான் கிடைத்தது, எனவே அவள் அந்த நேரத்தில்தான் பெருக்கினாள். இந்தச் செய்தி எப்படியோ பஸ் ஏறி, செஞ்சிப் பக்கம் வல்லத்தில் இருந்த அத்தையின் காதை அடைந்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுத்து அப்பாவைப் படிக்கவைத்தவள் அவள்தான். அதனால் அப்பாவைப் பொறுத்தவரை அத்தை சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அனந்தபுரத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் நாலு பேர் நடுவில் அத்தை ஆரம்பித்தாள்.

"விளக்கு வச்சப்புறம் வூடு பெருக்கறாளாமே ஒம் பொண்டாட்டி. புள்ளைங்க சட்டையில பட்டன் இல்ல. ரெண்டு பேரும் சம்பாரிச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? வேலைய உட்டுட்டு வூட்டப் பாக்கச் சொல்லுடா."

அப்பா சாம்பார் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீயே ஒரு நாள் வந்து பாருக்கா. பாத்துட்டு நீ சொல்றதுதான்."

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரே நினைப்பு. அத்தை வந்து வீட்டைப் பார்க்கப் போகிறாள், உதட்டைப் பிதுக்கப் போகிறாள், அம்மா வேலையை ராஜினாமா செய்துவிட்டு வரப்போகிறாள், நான் வெறும் பொண்ணாகிவிடப் போகிறேன். அம்மாவுக்கு அந்த வேலை என்றால் உயிர் என்று எனக்குத் தெரியும். டியூட்டிக்குப் புறப்படும்போது அவள் நடையே வேறு.

மறுநாளிலிருந்து அம்மா வீட்டோடு மல்லுக்கு நின்றாள். முதலில் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்கு ஒதுக்கினாள். அன்று வீடு பளபளத்தது, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செவ்வாய்க்கிழமைக்குள் வீடு பழைய கோலத்துக்கு வந்துவிட்டது. பிறகு கோழி கூவுமுன் எழுந்து பார்த்தாள். துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவளை அப்பாதான் எழுப்பினார். அறைக்கு ஒரு நாள் என்று பிரித்துப் பார்த்தாள். சமையலறையின் நாள் வருவதற்குள் சமையலறைக்கு எறும்புகள் குடிவந்துவிட்டன.

விடை ஒரு சாயங்காலம் தானாக வந்தது. அம்மா களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து தம்பியிடம் அவன் புத்தக அலமாரியை ஒழுங்குபண்ணச் சொன்னாள். அவன் ஒரு புத்தகத்தை எடுப்பதும் அதில் படம் பார்ப்பதுமாக இருந்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஆபீஸ் பழக்கத்தில், அந்த இழுத்த குரலில் சொன்னாள்.

"த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா, கட் பண்ணவா?"

தம்பி தூக்கிவாரிப்போட்டாற்போல எழுந்தான். "எக்ஸ்டெண்ட், எக்ஸ்டெண்ட்" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் புத்தகங்களை அடுக்கினான். அடுக்கி முடித்துவிட்டு, அடுத்த கால் எது என்று கேட்டான். அம்மா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். காதுகுத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த ராஜ்ஜியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் பரபரக்கிறது. அன்று முதல் எங்கள் வீட்டில் வேலை என்று ஒன்று கிடையாது, கால்தான். தினமும் ஆளுக்கு ஓர் ஆர்டினரி. எனக்குத் துணி மடிக்கிற கால், தம்பிக்குச் செருப்பு வரிசை, அப்பாவுக்கு அவருடைய சணல் கயிறு. பால் பொங்கி வழிந்தாலோ எறும்பு வந்தாலோ அர்ஜென்ட். மூன்று நிமிடம் ஆனதும் தம்பி கரண்டியால் தட்டைத் தட்டுவான். முடிந்தாலும் முடியாவிட்டாலும் கையை எடுத்துவிட வேண்டும். அதுதான் சட்டம்.

"முடியலன்னா உட்டுடு. நாளைக்கி திரும்ப புக் பண்ணிக்கலாம்" என்பாள் அம்மா.

கையை எடுக்கச் சொன்னால்தான் கைக்கு வெறி வருகிறது. தட்டு ஒலிப்பதற்குள் இன்னும் ஒரு சட்டை, இன்னும் ஒரு பாவாடை என்று நான் பறப்பேன். அப்பா மட்டும் முதல் வாரம் முழுவதும் ஒரே முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எப்பவுமே வெயிட்டிங்ல இருக்கற பார்ட்டி" என்று அம்மா அவரைக் கிண்டல் செய்தாள். விளக்கு வைப்பதற்கு முன்பே, அம்மா வருவதற்கு முன்பே, நானும் தம்பியும் எங்கள் கால்களைப் பேசி முடித்துவிடுவோம். வீடு பளபளக்கவில்லை. ஆனால் தரை தெரிந்தது. உட்கார நாற்காலி கிடைத்தது.

லைட்னிங் மட்டும் தனி. தெருமுனையில் விருந்தாளி தலை தெரிந்தால்தான் அது. முன்னறையில் கிடக்கிற அத்தனையையும் வாரி நடு அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். லைட்னிங் ஓடும்போது குறுக்கே யாரையும் விடக்கூடாது, யாராயிருந்தாலும் லைனில் இருக்கச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். தம்பி விளையாட்டாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வருவதாக அப்பாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். சனிக்கிழமை அப்பா விழுப்புரத்திலும் அம்மா டியூட்டியிலும் இருந்தார்கள். நாளைக்கு என்பதால் நாங்கள் அன்று சற்று மெத்தனமாக இருந்தோம். முன்னறையில் பல்லாங்குழி, பாதி தின்ற பொரி, அப்பாவின் கயிறு, தம்பியின் ஈர டவுசர். வாசலில் நின்றிருந்த தம்பி உள்ளே பாய்ந்துவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"லைட்னிங்."

ஜன்னலில் எட்டிப்பார்த்தேன். செஞ்சி பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தை, தலையில் மல்லாட்டை மூட்டையோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள்.

எத்தனையோ ஒத்திகை பார்த்திருந்தோம், ஆனால் நிஜ லைட்னிங் எங்களுக்கு அதுதான் முதல். பயமும் குஷியும் ஒன்றாக அடித்ததில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போர்வையை விரித்து எல்லாவற்றையும் அதில் தள்ளினேன். சோழிகள் நாலாபக்கமும் ஓடின. தம்பி கயிற்றை இழுக்க, அது நாற்காலிக் காலில் சிக்கி நாற்காலியும் கூடவே வந்தது. இன்னும் பொரியை வாரவில்லை, அத்தையின் நிழல் வாசற்படியில் விழுந்துவிட்டது.

தம்பி ஓடிப்போய் வாசலில் நின்றான். அத்தையை நிமிர்ந்து பார்த்தான். அம்மாவின் அந்த இழுத்த குரலில், "லைன்ல இருங்க, அத்தை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

வெளியிலிருந்து கதவு தட்டப்பட்டது.

"டேய், அத்தைடா. தொறடா. வெயிலு மண்டைய பொளக்குது."

"கால் போய்க்கினு இருக்குது, அத்தை. முடிஞ்சதும் தர்றேன்" என்றான் தம்பி. நான் பொரியைப் பாவாடையில் வாரிக்கொண்டு நடு அறைக்குள் எறிந்து கதவைச் சாத்தியபோது அவன் தட்டைத் தட்டினான், தாழ்ப்பாளைத் திறந்தான். "பேசுங்க" என்றான்.

அத்தை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு முன்னறையைச் சுற்றிலும் பார்த்தாள். துடைத்துவிட்டாற்போல இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்த அந்த நொடியில், கால் கழுவ வேண்டும் என்று சொல்லி அவள் நேராக நடந்து நடு அறைக் கதவைத் திறந்தாள். கொல்லைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பது லைட்னிங் சட்டத்தில் விட்டுப்போன ஒரு சங்கதி. அத்தை அப்படியே நின்றாள். அவள் காலடியில் போர்வை, அதற்குள்ளிருந்து ஈர டவுசர், பொரி, சோழி, கயிறு. அம்மாவின் வேலை போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்கம்மா எப்ப வருவா?" என்று மட்டும் கேட்டாள். கால் கழுவி வந்து அந்தக் குப்பைக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டாள். தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அத்தனையையும் ஒப்பிக்க ஆரம்பித்தான். அதோடு விடாமல் அத்தையின் கையில் ஒரு துணியைக் கொடுத்து மடிக்கவும் வைத்தான். நான் கண்ணால் எவ்வளவோ ஜாடை காட்டினேன். அவன் தட்டைத் தட்டி, "த்ரீ மினிட்ஸ் ஓவர், அத்தை. கைய எடுங்க" என்றான். பாதி மடித்த புடவையோடு அத்தை அவனைப் பார்த்தாள்.

"இன்னும் முடியலியேடா."

"முடியலன்னா உட்டுடணும். நாளைக்கி புக் பண்ணிக்கலாம்."

"உடலாமா?" என்றாள் அத்தை. இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டு யாரும் கேட்டிருக்க முடியாது.

அம்மா வந்தாள். வாசலில் அத்தையின் செருப்பைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. நடு அறைக்கு வந்து, கிடந்த கோலத்தையும் அதன் நடுவில் அத்தையையும் பார்த்தாள்.

"அண்ணி, நாளைக்கின்னு சொன்னீங்களே."

"நாளைக்கி வந்தா தொடச்சி வச்சிருப்ப. அதான் இன்னிக்கே வந்தேன். உள்ளது உள்ளபடி பாக்கணும்னு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை அவள் கையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தாள்.

"அனந்தபுரத்துல நாலு பேரு எதிர பேசினத மனசுல வச்சிக்காதம்மா. அரகொறையா கெடந்தா வூடு ஒண்ணும் முழுகிடாதுன்னு இந்தப் பய சொல்லித்தான் எனக்குத் தெரியுது. ஆபீஸ் வேலைய உட்டுடாத. எம் பொண்ணு பத்தாவது பரீட்ச எழுதிட்டா, அவள இங்க கொண்ணாந்து உடறேன். மேல படிக்க வச்சி, ஒன்ன மாதிரி ஒரு வேலைல ஒக்கார வச்சிடு. எங்க வூட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் வேலை தப்பியது ஒரு பக்கம். வீட்டுக்கு இன்னொரு ஆள் வருகிறது, அதுவும் வளர்ந்த ஆள். துணி மடிக்கிற காலை அவளிடம் தள்ளிவிட்டு நான் செருப்புக்கு மாறிக்கொள்ளலாம். தம்பி அதற்குள் அவளுக்குப் பாத்திரம் கழுவுகிற காலை ஒதுக்கிவிட்டான்.

"பாத்திரம் வேணாம்" என்றாள் அத்தை. பிறகு அம்மாவைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இங்க இருக்கற மட்டும் அவ கையில தொடப்பத்த குடுக்காத. அந்த வேலைய நான் அவளுக்கு அஞ்சு வயசுலயே குடுத்துட்டேன்" என்றாள்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அத்தை மூக்கை உறிஞ்சிவிட்டு, கொண்டுவந்த மல்லாட்டையை உரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். நான் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரு சட்டம், தன் மகளுக்கு மட்டும் ஒரு சட்டமா? அம்மாவாவது எடுத்துச் சொல்வாள் என்று பார்த்தால் அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுக்க மாட்டேன் அண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தையைப் போல ஓரவஞ்சனை பிடித்தவள் உலகத்தில் இல்லை என்று முடிவுசெய்து, அவள் மறுநாள் பஸ் ஏறும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.