ஆட்களைப் பிரித்தவர்

துறைமுகத்தில் நான் பெட்டி எண்ணும் குமாஸ்தாவாக இருந்தபோது, வெடிமருந்துக் கப்பல் வந்தால் ராயபுரத்து மேஸ்திரி ஒருவர்தான் ஆள் இறக்குவார். குள்ளமானவர், இடது காதில் பாதி கிடையாது. அது எப்படிப் போனதென்று யாரும் கேட்டதில்லை.

வெடிமருந்து கப்பலின் முன்னறையில், அதை வெடிக்கவைக்கும் கேப்புகள் பின்னறையில்; இரண்டும் சேரக்கூடாது என்பது விதி. மேஸ்திரி அதோடு விடமாட்டார். அண்ணன் கப்பலில் இறங்கினால் தம்பி கரையில்தான் நிற்கவேண்டும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "பெட்டியைத்தானே பிரிக்கச் சொல்லியிருக்கு, மேஸ்திரி? ஆளை எதுக்குப் பிரிக்கிறீங்க?"

"இன்னா சார் நீ! பொட்டி பூட்டா வேற பொட்டி வரும். ஒரு வூட்ல ரெண்டு பேரும் பூட்டா, அந்த வூட்டுக்கு யாரு வருவா?"

கப்பல் வெடித்தால் கரை மட்டும் மிஞ்சுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெடிமருந்துக் கப்பல் வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த குமாஸ்தா ஒருவனும் என் பின்னால் ஏணியில் கால் வைத்தான். மேஸ்திரி அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நீ இங்கியே நின்னு எண்ணு, சின்ன சார்."

குமாஸ்தா வேலை வீட்டுக்கு ஒருவருக்குத்தான்; தெரிந்தால் போய்விடும் என்பதால், அவன் என் தம்பி என்று துறைமுகத்தில் ஒருவரிடமும் நாங்கள் சொன்னதில்லை.