விமான மேப்பும் ஹெட் ஆபீஸ் லைனும்

1. கழுத்தில் நின்ற ஒட்டகச்சிவிங்கி

அன்று மத்தியானத்துக்குள் பிரிண்டிங் யூனிட்டுக்கு ஆர்ட்வொர்க் போயாக வேண்டும். குழந்தைகள் டி-ஷர்ட்டில் போடுகிற ஒட்டகச்சிவிங்கிப் படம். ஆர்டர் கொடுத்த பையர் காலையிலேயே லிங்க் அனுப்பிவிட்டார். எங்கள் பனியன் கம்பெனி ஹெட் ஆபீஸில் டவுன்லோடு மட்டும் நகரவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் கார்த்தி மதுரைப் பையன், எதையும் சும்மா சொல்ல மாட்டான்.

"கழுத்து வரைக்கும் வந்துருச்சுக்கா. தலைக்குத்தான் வெயிட்டிங்" என்றான்.

நான் அந்தக் கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்டேஷன் பார்த்தவள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், விமானச் சரக்குக்கு ஏர்வே பில் எல்லாம் என் மேஜையிலிருந்துதான் போகும். போன வருஷம் ரிட்டயர் ஆகிவிட்டேன். புதிதாக எக்ஸ்போர்ட் ஆபீஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் பெரிய ஆர்டர் பிடித்த கதைகளைக் கேட்பார்கள். பெரிய ஆர்டர் கதைகளில் சொல்கிறவர்தான் எப்போதும் ஜெயித்திருப்பார், எனக்கு அது அலுத்துவிட்டது. அதனால் நெட் லைன் கதையை எழுதுகிறேன்.

அன்றைக்கு எம்.டி. ஹாலுக்கு வந்தபோது, சிஸ்டம் இன்சார்ஜ் ஜாபர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார். எங்கள் எம்.டி. எவ்வளவு கோபம் வந்தாலும் "ங்க" போடாமல் பேச மாட்டார். அந்த "ங்க"வோடு வாங்குகிற திட்டு வெறும் திட்டைவிட உறைக்கும்.

"ஏனுங்க ஜாபர், இந்த லைனுக்கு நாங்க பணம் கட்றது எதுக்குங்க? வேடிக்கை பாக்கறதுக்குங்களா?"

ஜாபர் எழுந்து நின்றார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறனுங்க. அப்பவும் இதே கதைதான்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

"சரிங்க சார்" என்றார் ஜாபர்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் கீபோர்டைத் தட்டுவது போல நடித்தோம். மண்ணரை பேக்கிங் யூனிட்டுக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த வீட்டில் ஜாபர் குடியிருந்தார். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், எழுந்து நடமாட முடியாத அப்பா. வேலை போனால் வீடும் போகும். இது எம்.டி.க்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

2. என் மேப்

இதற்கும் எனக்கும் சம்பந்தம் வந்தது என் மேப்பினால்.

நம் தொழிலில் சரக்கு கப்பலில் போனால் நிம்மதி. விமானத்தில் போனால் ஆர்டர் லேட் ஆகிவிட்டது, கூலி நம் தலையில் என்று அர்த்தம். ஏர் ஷிப்மென்ட் என்று சொன்னாலே ஆபீஸில் இழவு வீட்டுக் களை வந்துவிடும். அப்படி நான் பேப்பர் போட்டு ஏற்றிவிட்ட பெட்டிகள் எத்தனையோ. அவை எந்த வானத்தில் எந்தப் பக்கமாகப் போகின்றன என்று எனக்குத் தெரியாது. நான் விமானத்தில் ஏறியவளும் இல்லை. நெட்டில் எல்லாரும் பார்க்கிற மாதிரி விமானங்கள் போகும் தடத்தைக் காட்டுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததைக் குறித்துவைத்தேன். பிறகு தென்னிந்திய மேப் ஒன்றை வரைந்து, ஒரு விமானத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்து, ஒவ்வொரு படமாகப் புள்ளிகளை நகர்த்தி, எல்லாவற்றையும் கோத்து வீடியோவாக ஓடவிட்டேன். பயணிகள் விமானம் மஞ்சள், சரக்கு விமானம் சிவப்பு. ஒரு முழு நாள், விடியலிலிருந்து அடுத்த விடியல் வரை.

பல மாதம் இழுத்து, ஜாபர் திட்டு வாங்கிய அந்த வாரத்தில்தான் முடிந்தது. கோயமுத்தூரிலிருந்து காலையில் கிளம்புகிற முதல் மஞ்சள் புள்ளி காங்கேயத்துக்கு மேலே ஏறித் திரும்பும் இடத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "சர்க்கரை டப்பாவச் சுத்தி எறும்பு ஊர்றாப்ல இருக்குது" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஃபைல் நாலு ஜி.பி.க்கு மேல் வந்தது. ஆபீஸில் எல்லாருக்கும் அனுப்பப் போகிறேன் என்றதும், சுருக்கி அனுப்பச் சொன்னார்கள். சுருக்கிப் பார்த்தேன், புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சள் சாந்து மாதிரி ஆகிவிட்டது. ஃபேப்ரிக் மேனேஜர் மட்டும் என் பக்கம் நின்றார். "சாம்பிள்ல ஒரு கனம் காட்டிப்போட்டு பல்க் ஆர்டர்ல ஒரு கனம் அனுப்பற வேலை நம்ம கம்பெனியில இல்லீங்க" என்றார். துணிக்காரர்களுக்குக் கனம்தான் தரம். நானும் முழுசாகவே லிங்க் போட்டேன், கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில்.

3. யாருக்கு எவ்வளவு நேரம்

ஒருவராவது மேப்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். முதல் பதில் அருள்புரம் தையல் யூனிட்டிலிருந்து வந்தது.

"டவுன்லோடு ஆயிருச்சுங்க மேடம். ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள."

அடுத்தது மண்ணரையிலிருந்து. அவர்கள் டீயோடு வடையும் சாப்பிட வேண்டியிருந்ததாம். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் என் தம்பிக்கும் அனுப்பியிருந்தேன். அவன் போன் செய்து, "அக்கா, டீ ஆத்தறதுக்குள்ள வந்துருச்சு" என்றான். "படம் எப்படிடா?" என்றால், "இன்னும் தொறக்கல. ஆனா ஸ்பீடு பாத்தியா?" என்றான். அதையும் நான் குரூப்பில் போட்ட பிறகு குரூப்பே பந்தயமாகிவிட்டது. யார் வீட்டு ஃபைபர் வேகம், யாருடைய போன் வேகம், மழை வந்தால் எவ்வளவு என்று ஒரே கணக்கு. என் விமானங்களை யாரும் திறந்து பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஹெட் ஆபீஸ் பதிலைக் கார்த்தி போட்டான். "காலையில குடுத்தேன். மத்தியானம் சோறு தின்னாச்சு. இன்னும் விமானம் ரன்வேயிலதான் நிக்குது."

குரூப்பில் எம்.டி.யும் இருந்தார். மறுநாள் ஹாலில் நின்று கேட்டார்.

"ஏனுங்க ஜாபர், காங்கேயத்துல தேங்கா ஆட்றவங்களுக்கு டீ ஆத்தறதுக்குள்ள வருதாமா. இவ்வளவு பெரிய லைன வெச்சுக்கிட்டு நமக்கு ஏனுங்க வர்றதில்ல?"

நான் விளையாட்டாகப் போட்ட லிங்க், ஜாபர் தலையில் போட்ட கல்லாக முடிந்தது. இதுவரை லைன் மெதுவு என்பது பொதுவான புகார். இப்போது எல்லா இடத்தையும் ஒப்பிட்டு, மோசமானது ஹெட் ஆபீஸ்தான் என்று ஊரறிய நிரூபித்தாகிவிட்டது. கார்த்தியும் மற்றவர்களும் அன்றிலிருந்து ஜாபரை "ரன்வே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் சிரித்துக்கொள்வார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காருவதை நிறுத்திவிட்டார்.

4. பழனி நடை

தைப்பூசம் வந்தது. எங்கள் எம்.டி. ஒவ்வொரு வருஷமும் மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போவார். குடும்பம் மொத்தமும் கூடவே நடக்கும், வீடு பூட்டிக் கிடக்கும். நடை தொடங்கியதும் போனைத் தொட மாட்டார். அவசரம் என்றால் மேனேஜரிடம்தான் சொல்ல வேண்டும்.

அவர் கிளம்பிய அன்று, ஏதோ ஒரு பிடிவாதத்தில் ஆபீஸில் என் மேப்பை மறுபடி டவுன்லோடு போட்டேன். டீக்கார அம்மா என் மேஜையில் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. நம்ப முடியாமல் அழித்துவிட்டு இன்னொரு முறை போட்டேன். அதே வேகம். மறுநாளும் அப்படியே. ஜாபர் அந்த இரண்டு நாளும் எந்தக் கேபிளையும் தொடவில்லை.

எம்.டி. பழனியிலிருந்து திரும்பி ஆபீஸ் வந்த காலையில் போட்டேன். நகரவில்லை.

ஆள் எண்ணிக்கை அதேதான், வேலையும் அதேதான். மாறியது அவர் ஒருவர். ஏர்வே பில் ஒன்றில் கையெழுத்து வாங்க அவருடைய கேபினுக்குப் போனேன். சுவரில் பெரிய டிவி. அதில் கட்டம் கட்டமாக அருள்புரம் தையல் லைன், மண்ணரை பேக்கிங் டேபிள், கேட், டீ குடிக்கிற இடம். எத்தனையோ வருஷமாக அந்த டிவியைப் பார்த்திருக்கிறேன். யூனிட்டுக்குப் போன் போட்டு, "மூணாவது டேபிள்ல ஏனுங்க ஆளில்ல?" என்று அவர் கேட்பதையும் கேட்டிருக்கிறேன். அத்தனை கேமரா படமும் ஹெட் ஆபீஸ் லைன் வழியாக இந்த டிவிக்கு வருகிறது. பிறகு அதே லைன் வழியாக அவர் வீட்டு டிவிக்கும் போனுக்கும் போகிறது. அவர் நடைக்குப் போனால் இந்த டிவி, வீட்டு டிவி, போன் மூன்றும் ஓயும். மற்ற நாளில் ஆர்ட்வொர்க் வர வேண்டிய வழி முழுக்கக் கேமராதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு எங்கே இடம்?

ஜாபரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"கேமராதானுங்களே?"

அவர் அங்குமிங்கும் பார்த்தார். "மேடம், இத விட்ருங்க" என்றார்.

"மாசக் கடைசி வரப்போகுது ஜாபர்."

"தெரியுங்க மேடம். விட்ருங்க."

5. கேபினில்

விடவில்லை. எம்.டி.யிடம் போனேன். எனக்கும் பயம் இருந்தது, ரிட்டயர் ஆக இன்னும் காலம் இருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். நடை நல்லபடியா முடிஞ்சதுங்களா, கால் வலி பரவால்லீங்களா என்றெல்லாம் கேட்டேன். பிறகு, "நீங்க நடைக்குப் போயிருந்தப்ப லைன் பறந்துதுங்க சார்" என்றேன். நான் பார்த்ததை வரிசையாகச் சொன்னேன்.

அவர் டிவியைப் பார்த்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஜாபர் சொன்னாப்லயாங்க?"

"இல்லீங்க சார். அவரு வாயே தொறக்கலீங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கிட்டச் சொன்னாப்லீங்க. தீபாவளிக்கு முந்தியே சொன்னாப்ல, கேமராவுக்குத் தனி லைன் போடணும்னு. நாந்தான் இப்ப வேண்டாம், வெளிய பேசிக்கவும் வேண்டாம்னேன். கேமராவாலதான் நெட்டு வர்றதில்லைன்னு தெரிஞ்சா, ஆளாளுக்குக் கேமராவ நிறுத்துங்கம்பாங்கல்லங்க?"

அப்படியானால் ஜாபர் ஹாலில் நின்று திட்டு வாங்கிய அன்றும் இவருக்குக் காரணம் தெரியும். காரணம் இவருக்குத் தெரியும் என்பது ஜாபருக்கும் தெரியும். பேச மாட்டேன் என்று கொடுத்த வார்த்தையை அந்த மனுஷன் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறார், குடியிருக்கிற வீடு போகிற நிலையிலும்.

"அப்புறம் ஏனுங்க சார், அத்தனை பேரு முன்னால அவரக் கேட்டீங்க?"

"கோவத்துல வந்துருச்சுங்க" என்றார். பிறகு, "தனி லைன் போட்டரலாம். ஜாபர் எங்கயும் போக வேண்டாம். நான் கூப்பிட்டுச் சொல்லிக்கறேன்" என்றார்.

நல்ல மனிதர்தான். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஜாபரைக் கேபினுக்குக் கூப்பிட்டுப் பேசினார், அந்த வாரத்திலேயே தனி லைனும் வந்தது. ஜாபர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் சாப்பிட எங்களோடு வரவில்லை. கார்த்தி அவரை "ரன்வே" என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. நிறுத்த அவனுக்குக் காரணம் எதுவும் தெரியாதே.

6. திங்கட்கிழமை மீட்டிங்

அடுத்த திங்கட்கிழமை எல்லாரும் ஹாலில் கூடினோம். ஷிப்மென்ட் தேதிகள் பேசி முடித்ததும் எம்.டி. சொன்னார்.

"நெட்டு இப்பப் பரவால்லீங்கல்ல? சர்வீஸ்காரங்க வந்து சரி பண்ணிட்டாங்க."

எல்லாரும் தலையாட்டினோம். கார்த்தி பின்னாலிருந்து, "அப்ப ரன்வே கிளியர்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஜாபர் கதவுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். திட்டம் போட்டு எழவில்லை.

"ஏனுங்க சார், கேமராவுக்குத் தனி லைன் வேணும்னு ஜாபர் மொதல்லயே உங்ககிட்டச் சொன்னதாத்தானுங்களே சொன்னீங்க?"

எம்.டி. என்னைப் பார்த்த பார்வையில் என் ரிட்டயர்மென்ட் கொஞ்சம் கிட்டே வந்தது போல இருந்தது. மரியாதையாகக் கேட்ட கேள்விக்கு மரியாதை இல்லாமல் பதில் சொல்ல அவருக்கு வராது. தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க. ஜாபர் தீபாவளிக்கு முந்தியே கரெக்டாச் சொன்னாப்ல. நாந்தான் கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, ஜாபர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு உங்களச் சொன்னது தப்புங்க ஜாபர்."

ஜாபர் "பரவால்லீங்க சார்" என்றார். குரல் உடைந்துவிட்டது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மத்தியானம் கார்த்தி தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சர்வர் ரூமுக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதில் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நம் ஆபீஸ்களில் திட்டு ஹாலில் விழும், சமாதானம் கேபினில் நடக்கும். கேபினில் நடந்தது ஹாலில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. திட்டு வாங்கினவர் அந்தப் பேரோடுதான் நடமாட வேண்டும். அவரால் தனக்காகப் பேச முடியாது. பக்கத்து மேஜைக்காரர்தான் எழுந்து "ஏனுங்க சார்" என்று கேட்க வேண்டும். கேளுங்கள்.