சோபா பட்டறையில் ஒரு சாமுராய்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் தனியாளாக எழுப்பியது இந்த சோபா பட்டறை. என் மருமகனோ சாமுராய் படம் பார்த்தே உருப்படாமல் போனவன். உச்சந்தலையில் கொண்டை வேறு. ஃபோம் அறுக்கும் நீளக் கத்தியை உறையில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டுதான் திரிவான்.

"இன்னொரு சோபாத் தோல் கிழிஞ்சா உங்களுக்கு இங்க வேலை இல்ல, மாப்பிள்ளை."

"சாமுராய் கை தவறாது, மாமா."

"அவன் என்னைக்கு சோபா தைச்சான்?"

வாக்குக் கொடுக்கிறானாம். படத்தில் வருவதுபோல் இடுப்பை வளைத்துக் குனிந்தான். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கத்திமுனை, காலையில் நானே தைத்து முடித்த சோபாவின் முதுகைச் சரக்கென்று கிழித்தது.

கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன். மகள் முகத்துக்காக வெளியே அனுப்பாமல் பசை டப்பாவைக் கையில் கொடுத்தேன். இப்போது கொண்டையெல்லாம் பசை.