தெனமும் மருந்து உண்டா?

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு மூன்று மாத வேலை ஒன்று கிடைத்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று ஆராய, வெளியூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டர் கோவில்பட்டிக்கு வந்திருந்தார். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்ப ஆள் தேவைப்பட்டது. டிகிரியை முடித்துவிட்டு வெட்டியாக உட்கார்ந்திருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

படிவத்தின் தமிழைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ‘தாங்கள் தற்சமயம் தொடர்ச்சியாக மருந்து உட்கொண்டு வருகிறீர்களா?’ எங்கள் தெருவில் போய் இப்படிக் கேட்டால், “ஏட்டி, கிறுக்கு புடிச்சிட்டா?” என்பார்கள். நான் அதை ‘தெனமும் மருந்து உண்டா?’ என்று மாற்றிக்கொண்டேன். ஊர்ப்பேச்சு தெரிந்த பெண் என்று டாக்டர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

எதிர்வீட்டு மதினி பதினைந்து வருஷமாக மருந்துப் பிரிவில் இருந்தார். தீக்குச்சி முனையை மருந்தில் முக்கி எடுக்கிற இடம் அது. நெடியும் தூளும் போக வழியில்லாத ஷெட். குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். லேபிள் ஒட்டுகிற ஷெட்டுக்கு மாற்றிவிடச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருந்தார். டாக்டர் எழுத்தில் கொடுத்தால் மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டார் அவர். அந்த எழுத்துக்காகத்தான் மதினி, படிவத்துக்குப் பிறகு மிஷினில் ஊதவைத்து மூச்சை அளக்கிற எங்கள் பரிசோதனையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊதுற மிஷினுல என்னைய ஊதவிட்டு, ஒரு சீட்டு எழுதி வாங்கிக் குடுத்துருட்டி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்” என்றார், நான் படிவத்தோடு போனபோது.

“வாங்கிருவோம் மதினி. தெனமும் மருந்து உண்டா?”

“அது இல்லாமலா? ஞாயித்துக்கெழம மட்டும் கெடையாது.”

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை விட்டுவிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டேன். இப்படி எத்தனையோ வீட்டில் போட்டேன்.

பரிசோதனை பள்ளிக்கூடத்தில் நடந்தது. மதினி லீவு போட்டு, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்களை எடுத்துவிட்டோம், அவர்களைச் சேர்த்தால் முடிவு தப்பாக வரும் என்றார். மதினியிடம் திரும்பி வந்தேன்.

“என்ன மாத்திரை சாப்பிடுதீங்க மதினி?”

“மாத்திரையா? நான் எங்கட்டி மாத்திரை சாப்பிட்டேன்?”

“மருந்து உண்டுன்னு சொன்னீங்களே.”

“ஆமா. மருந்து முக்காம வேற என்ன சோலி பாக்கேன்?”

எடுத்துவிட்டவர்களின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். மருந்துப் பிரிவின் பழைய ஆட்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். மிஞ்சியது, நான் கேள்வி கேட்கப் போனபோது மருந்துப் பக்கமே விடாமல் வைத்திருந்ததால் ‘இல்லை’ என்று சொல்லியிருந்த புது ஆட்கள் சிலர்தான். மூச்சு கெட்டவர்களையெல்லாம் பொறுக்கி எடுத்து வெளியே போட்டிருந்தேன் நான்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டியல் மேலிடத்தில் முடிவானது, இனிமேல் மாற்ற முடியாது, அறிக்கையில் ஒரு குறிப்பு எழுதிவிடுகிறேன் என்றார்.

“அந்தக் குறிப்பை வச்சு நாக்கு வழிக்கவா சார்? அவிய ஒரு தடவை ஊதட்டும். சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க.”

“பட்டியல்ல இல்லாதவங்களுக்கு நான் எழுதித் தர முடியாதும்மா.”

சாயங்காலம் மிஷினை அட்டைப்பெட்டியில் கட்டி வேனில் ஏற்றினார்கள். மதினியிடம், பெயர் விட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னேன். விட்டது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மதினி வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த வருஷம் ஒருநாள் காலையில், வேலைக்குப் போகிற வழியில் மதினி எங்கள் வாசலில் நின்றார். கையில் நகலெடுத்த தாள் ஒன்று இருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

“மேனேசரு குடுத்தாரு. டாக்டர் எழுத்து கேட்டேல்லா, இந்தா வந்துட்டுன்னாரு. என்ன போட்டிருக்குன்னு வாசிட்டி.”

எங்கள் ஆய்வின் அறிக்கைதான். மருந்துப் பிரிவில் பரிசோதிக்கப்பட்டவர்களின் சுவாசத்தில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை என்று போட்டிருந்தது. டாக்டர் சொன்ன குறிப்பை மேலும் கீழும் தேடினேன். இல்லை. இருந்ததை வாசித்துக் காட்டினேன்.

மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பேச்சு வர நேரமாயிற்று.

“நீ கேட்டு எழுதுனதுதானட்டி இது?”

“ஆமா மதினி.”

“அப்பம் சரியாத்தான் இருக்கும். நாந்தான் வீணாப் பயந்துகிட்டுக் கெடந்தேன்” என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் போனார்.