பதிவு செய்யாத ஜெபம்

அவளுடைய அப்பா பாட மறுத்தது ஒரே ஒரு பாட்டைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து நின்று கட்சியைப் புகழ்ந்து பாட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் எழுந்தார், ஆனால் பாடவில்லை. வாசலைப் பார்த்து நடந்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து தன் வீட்டுச் சமையலறையில் ஐந்து பேரோடு ஜெபம் செய்யத் தொடங்கினார். சீனாவில் கடலோரத்தில் ஒரு சிறு ஊர் அது.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில், வேலைக்குப் போகும் வழியில். மருந்து கம்பெனி ஒன்றின் லேபில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அபார்ட்மென்டிலும் இரண்டு வீடு தள்ளித்தான். நாலு வருடமாக ஒரே காரில் போய்வருகிறோம். எங்களுக்குள் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அது போதுமானதாக இருந்தது.

"உங்க ஊர்ல கோயிலை யார் நடத்தறாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கவர்மென்ட்தான். அதுக்குன்னு ஆபீசரே இருக்கார்."

"அப்போ நீயும் நானும் ஒண்ணு."

நான் கொஞ்சம் யோசித்தேன். "இல்ல. கோயில் சாவி அவங்க கையில இருக்கு. ஆனா என் வீட்டுக்குள்ள யாரைக் கும்பிடறேன்னு யாரும் வந்து கேட்டதில்ல."

"எங்ககிட்ட அதைத்தான் கேட்டாங்க. சாமியே கூடாதுன்னு சொல்ல மாட்டாங்க. பதிவு பண்ணின சபைக்குப் போ, அவங்க ஒத்துக்கிட்ட போதகர் பேசறதைக் கேளு, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வராதே. கேக்கறதுக்குச் சின்ன விஷயமாத்தான் இருக்கும்."

சென்ற வசந்த காலத்தில் பக்கத்து ஊர் சர்ச் ஒன்றில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒப்புக்கொண்டாள். கூட்ட நோட்டீஸில் அவள் படமும் வந்தது. நான்காம் நாள் காலை காரில் ஏறியவள் சீட் பெல்ட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி போன் பண்ணினான். அவன் வேலை பாக்கற ஸ்கூலுக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க. அந்த நோட்டீஸைக் காட்டி, உன் அக்காவை வாயை மூடச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

நோட்டீஸ் ஒட்டியிருந்தது எங்கள் ஊர் நூலகத்திலும் இரண்டு கடைகளிலும் மட்டும். இங்கிருந்து யாரோ ஒருவர் அதைப் படம் எடுத்து அங்கே அனுப்பியிருக்கிறார். அந்தக் கடைகளில்தான் நாங்கள் தினமும் காய்கறி வாங்குகிறோம்.

"பேசப் போறியா?" என்றேன்.

"சீன மொழியில பேசப் போறேன். பயந்தா எனக்கு இங்கிலீஷ் வராது. இங்கிலீஷ்ல முன்னாடியே எழுதித் தர்றேன், நீ பக்கத்துல நின்னு வாசிப்பியா?"

சரி என்றுவிட்டேன். வீட்டில் சொன்னதும் என் கணவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"கிரீன் கார்டு இன்னும் பெண்டிங்ல இருக்கு. இந்த நேரத்துல எதுக்கு இந்த வம்பு? நாம கிறிஸ்டியன் கூட இல்ல."

"அதனாலதாங்க போறேன். கிறிஸ்டியனுக்குக் கிறிஸ்டியன் மட்டும்தான் பேசணும்னா, நாளைக்கு நமக்குன்னு யார் வருவா?"

அவர் தட்டைக் கழுவ எடுத்துப் போனார். சம்மதம் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அன்று கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அவள் ஒரு பத்தி சொல்வாள், நான் அதை ஆங்கிலத்தில் வாசிப்பேன். அவள் ஊர் சபையின் கூரையிலிருந்து அதிகாரிகள் சிலுவையை இறக்கிய நாளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் தொப்பி போட்ட ஒருவர் போனை உயர்த்தினார். அது முதலில் அவள் பக்கம் இருந்தது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பியது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நொடியில் கிரீன் கார்டுதான் நினைவுக்கு வந்தது.

அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சீன மொழியில் ஏதோ சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் தலை குனிந்துகொண்டார்கள். பிறகு என்னிடம் திரும்பி, "இதையும் இங்கிலீஷ்ல சொல்லு" என்று அர்த்தத்தை விளக்கினாள். சொன்னேன்: "அங்கிருந்து எடுத்தால் சரியாகக் கேட்காது. முன்னால் வந்து எடுங்கள். என் அப்பாவின் பெயர் தெளிவாகப் பதிவாக வேண்டும்."

அவள் அப்பாவின் பெயரை மூன்று முறை சொன்னாள். நானும் மூன்று முறை சொன்னேன், என் வாய்க்கு வந்த உச்சரிப்பில். அந்த மனிதர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. கூட்டத்துக்கு வர முடியாத மனைவிக்காகப் படம் எடுத்தவராகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்டவரைக்கூடச் சந்தேகப்பட வைத்துவிட்டார்களே என்பதுதான் எனக்குக் கோபம்.

விளைவு இல்லாமல் இல்லை. தம்பிக்குக் கிடைக்க இருந்த தலைமையாசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. அவன் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். காரில் பல காலைகள் அவள் அழுதாள். ஆனால் ஒரு முறைகூட, பேசியிருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் நான் வாசிக்கும் படம் ஒன்று சுற்றியது. அங்கிள் ஒருவர் போன் செய்தார். "நமக்கு எதுக்கும்மா அடுத்தவங்க நாட்டு பாலிடிக்ஸ்?"

"அங்கிள், ஒருத்தர் தன் வீட்டு அடுப்படியில உக்காந்து சாமி கும்பிடறது பாலிடிக்ஸ்னு முதல்ல சொன்னது யாரு? அவங்ககிட்ட கேளுங்க."

ஆடி மாதத்தில் அவளுடைய அப்பாவே அழைத்தார். காரில் ஸ்பீக்கரில் போட்டாள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டேன். அவரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள், உங்கள் மகள் அமெரிக்காவில் பேசினாளா என்று. "பேசினாள், சத்தமாகப் பேசினாளா என்றுதான் தெரியவில்லை" என்றாராம் அவர். சமையலறையில் இப்போது ஐந்து பேர் இல்லையாம். ஒன்பது பேராம்.

அந்த வாரமே நாட்டின் மறுகோடியில் இருக்கும் சான் ஹோசேயிலிருந்து இன்னொரு சபை அவளைக் கூப்பிட்டது. அவள் என்னைக் கேட்பதற்கு முன்பே நான் லீவுக்கு அப்ளை பண்ணிவிட்டேன்.