சிலுப்பாத ஏழாம் நம்பர்

எட்டாவதோடு படிப்பை விட்டபிறகு நான் ஓரிடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. போர்வெல் லாரியில் வடக்கே போனேன். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடித்தேன். கம்பத்தில் திராட்சைப் பெட்டி சுமந்தேன். இடையில் சில வாரங்கள் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்கை. அதைப் பெரிய கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், கொசுதான் அதிகம். மார்க்கையன்கோட்டைக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆடு பிடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோதும், தீபாவளி வரை இருந்து பார்ப்போம் என்றுதான் நினைத்தேன்.

அங்கே இருபது செம்மறிகள் இருந்தன. அவற்றைக் கறிக்காகவும் வளர்க்கவில்லை, கம்பளிக்காகவும் வளர்க்கவில்லை. நுரையீரலில் பிறவிக் கோளாறோடு பிறக்கும் பிள்ளைகளுக்கு, உடம்புக்குள் பிசகாக இருக்கும் மரபணுவைத் திருத்துகிற மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதை விளக்கியவர் பண்ணையின் கால்நடை டாக்டரம்மா. போடி பஜாரில் கடை வைத்திருக்கும் வேதக்காரக் குடும்பத்துப் பெண், கிறிஸ்தவர். என்னைவிட வயதில் சிறியவர்.

"அண்ணே, நீங்க லாரியில இருந்தவுக. உங்களுக்குச் சட்டுனு புரியும். சரக்கு ரெடி. அதை ஏத்திட்டுப் போற வண்டி மலையேறுமாங்கிறதத்தான் இங்கன பாக்குறோம்."

எலியின் நுரையீரல் விரல்நுனி அளவு. ஆட்டுக்கு ஏறக்குறைய மனிதனுடைய அளவு. அதனால்தான் ஆடு. மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகளில் பொதிந்து, பனிமூட்டம் போல ஆக்கி உள்ளே அனுப்ப வேண்டும். முதல் ஆறு ஆடுகளுக்கு மயக்கம் கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் செலுத்தினார்கள். அதில் இரண்டை அறுத்துப் பார்த்தார்கள். அதை மறைக்க ஒன்றுமில்லை. நானேதான் பிடித்துக் கொடுத்தேன். மருந்து குழாய் நின்ற பக்கத்திலேயே தங்கிவிட்டிருந்தது. சின்னப் பிள்ளைகளை ஒவ்வொரு முறையும் மயக்கவும் முடியாது. எனவே ஏழாம் நம்பருக்கு மயக்கமில்லாமல், மூக்கில் மாஸ்க் மாட்டிக் கொடுப்பதென்று முடிவானது.

அதற்கு ஆட்டைப் பழக்கும் வேலை எனக்கு வந்தது. ஆடு மிரண்டால் மேல்மூச்சு வாங்கும். மருந்து தொண்டையோடு நின்றுவிடும். அமைதியாக ஆழ்ந்து மூச்சிழுத்தால்தான் அடிவரை போகும். ஏழாம் நம்பருக்கு முகத்தில் ஈரம் பட்டாலே ஆகாது. தலையை ஒரு சிலுப்பு சிலுப்பினால் மாஸ்க் சுவரில் போய் விழும். முடிவெட்டும் கடையில் வைத்திருப்பார்களே, அந்தத் தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கி வந்தேன். முகத்தில் அடிப்பேன். சிலுப்பாமல் நின்றால் ஒரு துண்டு வெல்லம். பிறகு கழுத்தில், முதுகில், காதில். ஐந்து வாரத்தில் சொம்போடு கவிழ்த்தாலும் கல் மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குறித்த நாள் காலை. மருந்து பனிப்பெட்டியில் தொலைதூரத்திலிருந்து வந்திருந்தது. உருக வைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் கீழேதான் கொட்ட வேண்டும். அடுத்தது வர மாதக்கணக்காகும், அதுவரை வேலை நடக்குமா என்பதும் நிச்சயமில்லை என்று டாக்டரம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார். அன்று உருக வைத்து அரை மணி ஆகியிருந்தது.

ஆட்டைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். தலைப்பக்கம் நான். இடுப்புப் பக்கம் கடமலைக்குண்டிலிருந்து வந்த அக்கா. ஆட்டுக்காரக் குடும்பம், பண்ணையில் கொட்டில் கூட்டி, தீனி போடும் வேலை. மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர், ஒன்றரை மாதம் கழித்து அன்றுதான் திரும்பியிருந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆட்டை மருந்து கொடுக்கும் அறைக்குள் கொண்டுபோவதென்றாலும், முதலில் ஒரு கை தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளிப்பார். ஊரில் சாமிக்குக் கிடாய் வெட்டும் முன் செய்வதுதான். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் என்று பொருள். சிலுப்பும்வரை யாரும் தொட மாட்டார்கள். முதல் ஆறு ஆடுகளும் பட்டென்று சிலுப்பின. டாக்டரம்மாவும் குடிக்கிற தண்ணீர்தானே என்று விட்டிருந்தார்.

கொட்டிலுக்கும் அறைக்கும் நடுவே உள்ள நடையில் அக்கா தெளித்தார். ஏழாம் நம்பர் அப்படியே நின்றது. மறுபடி தெளித்தார். நின்றது. மூன்றாவது முறை சொம்பையே சாய்த்தார். காது நுனியிலிருந்து சொட்டியதே தவிர, அசைவில்லை.

அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "வேண்டாங்குது."

"அக்கா, மருந்து உருகிருச்சுக்கா" என்றார் டாக்டரம்மா.

"உருகட்டும் ஆத்தா. எங்கூர்ல மூணு மணி நேரம் மேளம் அடிச்சுக்கிட்டு நிப்பாக. பூசாரி கால் வலிக்குதும்பாரு, பந்தியில சோறு ஆறும். ஆனாலும் ஒருத்தரும் அருவாளத் தொட மாட்டாக."

"இங்கன யாரும் அதை வெட்டலக்கா. மூக்குல புகைதான் விடப்போறோம்."

"முன்ன ரெண்ட அறுத்தீகள்ல? அதுகளும் சிலுப்பிட்டுத்தான் போச்சு. அதான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஆளைக் கூப்பிடலாம். ஆனால் புது ஆள் பிடித்தால் ஆடு மிரளும், மருந்து வீண். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடி விழுமோ என்று அக்காவின் கைக்கு எட்டாமல் தள்ளி நின்றுகொண்டு சொன்னேன்.

"அக்கா, தப்பு என்னோடது. தண்ணி பட்டா சிலுப்பக்கூடாதுன்னு நாந்தான் அதைப் பழக்குனேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்ன?"

பாட்டிலையும் வெல்லத்தையும் சொன்னேன்.

"ஏலே, கூறுகெட்டவனே! அது சம்மதம்னு சொல்ல இருந்தது ஒத்த வழி. அதையும் வெல்லத்தக் குடுத்து அடைச்சுப்புட்டியே. இனி நான் அதுகிட்ட எதை வச்சுக் கேப்பேன்?"

டாக்டரம்மா குறுக்கே வந்தார். "நீங்களே சொல்லுங்கக்கா. வேற எப்பிடிக் கேக்கலாம்? நீங்க எப்பிடிச் சொன்னாலும் சரி. வேண்டாம்னா வேண்டாந்தான்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் அக்கா எழுந்தார் என்று நினைக்கிறேன். கொட்டில் பக்கக் கதவைத் திறந்து வைத்தார். மற்ற ஆடுகள் அங்கே கத்திக்கொண்டிருந்தன. அகத்திக் கட்டு வேறு தொங்கியது. பிறகு அறைக் கதவையும் திறந்தார். ஏழாம் நம்பரின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"ஒருத்தரும் கூப்பிடக்கூடாது. நீ அங்கிட்டுத் திரும்பி நில்லு. உன் மூஞ்சியப் பாத்தாலே அதுக்கு வெல்ல ஞாபகம் வந்துரும்."

சுவரைப் பார்த்து நின்றேன். குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. கொட்டில் பக்கம் போனது. நின்றது. சாக்கடையோரம் எதையோ முகர்ந்தது. ஒருமுறை கத்தியது, உள்ளேயிருந்து பதிலுக்கு நாலைந்து கத்தின. பிறகு சிமெண்டுத் தரையில் நடந்த குளம்பு, அறையின் ரப்பர் விரிப்பில் ஏறிச் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தேன். மாஸ்க் தொங்கும் கம்பிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.

அக்கா வெகுநேரம் அதையே பார்த்தார். "வெல்லத்துக்குத்தான் போயிருக்கு."

பிறகு ஆட்டின் இடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"நாம மட்டும் எதுக்கு வேலைக்கு வாரோம், கூலிக்குத்தான? பிடி."

இருபது நிமிடம். ஏழாம் நம்பர் கண்ணைப் பாதி மூடி, நிதானமாக மூச்சு விட்டது. அக்கா அதன் இடுப்பில் கை வைத்திருந்தார், அழுத்தவேயில்லை. மாஸ்க்கைக் கழற்றியதும் அது தும்மி, அக்காவின் புதுச் சேலையெல்லாம் சளி. டாக்டரம்மா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

பத்து நாள் கழித்து மெல்லிய குழாய் விட்டு நுரையீரலின் இரண்டு பக்கத்திலிருந்தும் துளித்துளியாகச் சதை எடுத்து அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் திருத்தம் நடந்திருந்தது. நிறைய இல்லை, ஆனால் இரண்டு பக்கமும். வண்டி பாதி மலை ஏறிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். ஏழாம் நம்பர், மாற்றம் எத்தனை நாள் நிற்கிறது என்று அறுக்காமல் வைத்துப் பார்க்கும் ஆடு. கொழுத்துத் திரிகிறது.

அதன்பிறகு வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. முதலில் கயிற்றை அவிழ்ப்போம். ஆடு தானாக அறைக்குள் வந்த பிறகுதான் மருந்தை உருக வைப்போம். உருகும்வரை அது உள்ளே சும்மா நிற்கும். பதிவுத் தாளில் இதற்கென்று ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. அக்காவுக்கு எழுத வராது. அவர் சொல்ல நான் குறிப்பேன். மேலிடத்திலிருந்து வந்து பார்த்தவர்களும் நல்ல முறை என்று ஒப்புக்கொண்டார்கள்.

நான் இங்கே வந்து மூன்றாவது தீபாவளி போய்விட்டது. கிளம்ப வேண்டும் என்ற நினைப்பு அவ்வப்போது வரும். ஆட்டுக்குத் தீனி வைக்கும் நேரத்தில் மறந்துவிடும். போன வாரம் பதினொன்றாம் நம்பரின் முறை. கயிற்றை அவிழ்த்ததும் அது அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் கொட்டிலுக்கு ஓடி அகத்தியில் வாயை வைத்தது. டாக்டரம்மா பனிப்பெட்டியின் மூடியை மறுபடி அழுத்தி மூடினார்.

"இன்னைக்கு இல்லையாம். அண்ணே, மூணு டீ சொல்லுங்க. அக்காவுக்குச் சீனி கம்மி."