ராத்தாவின் முகம் பார்க்காத சனிக்கிழமை

“எழுபது வயசுல ஒன்னப் பாத்து எவன்டி மயங்கப் போறான்? கதவத் தொற!”

உக்குவளையில், பின்னறைக் கதவுக்கு வெளியே நின்று ஹமீமா கத்தியது தெருவுக்கே கேட்டது. உள்ளே இருந்தவள் அவள் தங்கை உம்மு குல்தூம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் புருஷன் ஸக்கரியா மௌத்தாகிப் போனதால், வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. பிற ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அதே வீட்டில் இருந்த ஸக்கரியாவின் தங்கை றமீஸா, தன் புருஷன் முற்றத்தில் நடமாடுகிறான் என்று ஜன்னலுக்கும் சாக்கு அடித்துவிட்டாள். அறைக்குள் பகலும் இரவும் ஒரே நிறம்.

“றமீஸா ஏசுவா, ராத்தா.”

“ஏசட்டும். அவட வாய்க்கு என்ட வாய் எளச்சதா?”

ஹமீமா தினமும் முற்பகலில் வருவாள். அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, சாதிக்காயின் மேலிருக்கும் வசவாசிப் பூவை உரித்துக்கொண்டே தங்கையின் சாப்பாட்டை ருசி பார்ப்பாள். “இதென்ன கறியா, சட்டி கழுவின தண்ணியா?” என்று, வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்த மாசிச் சம்பலைப் பிரிப்பாள். பாதியை அவளே தின்றும் விடுவாள். மீன் தலைக்கு இருவரும் மல்லுக்கட்ட, உம்மா அதைத் தூக்கிப் பூனைக்குப் போட்ட கதை வரும். கல்யாணத்தன்று குல்தூம் அழுதபோது, “மையக் கரைச்சா, கரிச்சட்டியக் கட்டி வெச்சிட்டாங்கன்னு மாப்புள ஓடிருவான்” என்று ஹமீமா அதட்டிய கதையும் வரும். அந்தச் சண்டையிலும் சிரிப்பிலும்தான் குல்தூமுக்கு மூச்சு வந்தது.

இத்தா முடியும் தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை ஹமீமா வரவில்லை. நெஞ்சு வலியாம். மறுநாள் காலை மௌத்துச் செய்தி வந்தது. பின்னேரம் அடக்கம். நாலு வளவு தள்ளித்தான் வீடு.

குல்தூம் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். றமீஸா கதவில் குறுக்கே நின்றாள்.

“மச்சி, திங்கக்கெழமதான் முடியுது.”

“கூடப் பொறந்தவ மௌத்துடி. ஒருக்கா மொகத்தப் பாத்துட்டு வாறேன். வழிய விடு.”

“ரெண்டு நாளுதானே. இவ்வளவு பேணி இருந்துட்டு இப்ப முறிச்சா, நானாவுக்குக் கபுறுல நிம்மதி ஈக்குமா?”

அரை நூற்றாண்டு கூட வாழ்ந்த மனிதன் ஸக்கரியா. குல்தூம் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னேரம் கலிமாச் சத்தம் தெருவால் நெருங்கியது. குல்தூம் சாக்கு இழைக்குள் விரலை விட்டுப் பிரித்துக் கண்ணை வைத்தாள். ஆண்களின் தொப்பிகள்தான் தெரிந்தன. ராத்தாவைச் சுமந்த சந்தூக்கு எந்தப் பக்கம் போனதென்றுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை குளித்து வெளியே வந்தாள். ஃபாத்திஹா ஓத வந்த லெப்பை திரைக்கு அப்பால் இருந்து கேட்டார்:

“என்னத்துக்கு இவ்வளவு பிந்தி முடிக்கிறீங்க? வியாழக்கெழமையோட இத்தா முடிஞ்சிட்டுதே.”

“இன்னைக்குத்தானே நாலு மாசம் பத்து நாளு?” என்றாள் றமீஸா. “கலண்டரப் பாத்துத்தானே எண்ணினேன்.”

“அது இங்கிலீஷ் மாசம். இத்தாவுக்குப் பிறை மாசமல்லோ எண்ணணும், புள்ள. அது நாள் கொறவு.”

சனிக்கிழமை குல்தூம் எங்கும் போகக்கூடிய பெண்ணாக இருந்திருக்கிறாள்.

றமீஸா காலில் விழுந்தாள். “மாப்புத் தாங்க, மச்சி.”

“எந்திரி. என்ட ராத்தா ஈந்திருந்தா ஒன்ட கொண்டைய அறுத்திருப்பா.”

மறுநாள் தனியாகப் பஸ் ஏறி மாத்தளை டவுனுக்குப் போனாள். எழுத்துத் தெரியாதவள், பிறைத் திகதி போட்ட கலண்டர்தானா என்று கடைக்காரரைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினாள். திரும்பி வந்து றமீஸா சமைக்கும் குசினிச் சுவரில் தானே ஆணி அடித்தாள்.

“கடைகள்ல சும்மா குடுப்பாங்களே, மச்சி. எதுக்குச் சல்லி செலவழிச்சீங்க?”

“ஒன்ட புருஷன் முந்தி மௌத்தாயிட்டா, இது ஒன்னயாவது சரியான நாள்ல வெளிய விடட்டும்,” என்றாள் குல்தூம். “ஒண்ணே கால் ரூபா.”